சட்டம் சொல்லாத விளையாட்டு

— இல்ல வினோதன் நானா, சட்டம் செல்ல மாட்டம். சட்டம் என்னண்டு கண்டுபிடிக்கிறதுதான் வெளயாட்டே.

— சட்டம் தெரியாமல் எப்பிடி ஹமீமா விளையாடுறது? கரம் போர்டுக்கே சிவப்பை எப்பப் போடோணும் எண்டு சொல்லித்தானே தருவினம்!

— இஞ்சருங்கோ, லீவு நாள் முழுக்க போனைப் பிடிச்சுக்கொண்டு, விளக்கம் ஒண்டும் இல்லாத கேமில பெட்டியளை அங்கயும் இங்கயும் தள்ளுறீங்கள். ‘ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, நானே பிடிச்சிட்டன்’ எண்டு என்ர தம்பிக்குப் புளுகினதும் நீங்கள்தான். இப்ப என்ன பயம்?

— பயமோ, எனக்கோ? தாரு, நான் பேங்கில வேலை செய்யிறவன். சட்டத்தைச் சொல்லாமலே சட்டம் போடுற இடம் அது. ஹமீமா, மேல் வீட்டில இருந்து இறங்கி வந்ததே இதுக்குத்தானே, நீங்கள் சொல்லுங்கோ.

— நீங்க பல்கனில நிண்ட நேரம் நானும் தாரிகாவும் ஒரு கதை யோசிச்சு வெச்சீக்கம். நீங்க கேள்வி கேட்டுக் கேட்டு அந்தக் கதைய எடுக்கணும். தாரிகா ஓம், இல்லை, அவ்வளவுதான் செல்லுவா. அவ எப்ப ஓம் செல்லுவா, எப்ப இல்லை செல்லுவாண்டு ஒரு சட்டம் ஈக்கி. அதையும் நீங்களே பிடிக்கணும்.

— தோத்தால்?

— தோத்தால் இந்த மழைக்குள்ள காலி வீதிக் கடைக்கு இறங்கி மூண்டு பேருக்கும் கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு வாங்கோ.

— நீர் உதுக்குத்தான் ஆசைப்படுறீர் தாரு, விளங்குது. சரி, துவங்குவம். கதையில வாறது ஆம்பிளையோ?

— ஓம்.

— வெளிநாட்டில இருக்கிறவரோ?

— இல்லை.

— அப்ப இஞ்சதான். வெள்ளவத்தை ஆளோ?

— ஓம்.

— தனிக்கட்டையோ?

— இல்லை.

— கலியாணம் கட்டினவர். பாவம்.

— அது கேள்வியோ?

— இல்லையப்பா, அனுதாபம். பேங்கில வேலையோ?

— ஓம்.

— ஹா! ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னைத்தான் வச்சுக் கதை கட்டியிருக்கிறியள். சரி, இந்த மனுசன் நேர்மையான ஆளோ?

— இல்லை.

— சிரிக்காதேங்கோ ஹமீமா. ம்... மனுசிக்குச் சொல்லாமல் ஏதும் செய்யிறாரோ?

— ஓம்.

— என்ன, குடி கிடியோ?

— இல்லை.

— இல்லை. அப்ப... வேலை நாளில இல்லாமல்... சனிக்கிழமையளில எங்கயும் போறாரோ?

— ஓம்.

— நானா, தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுக் கேளுங்க.

— பொறுங்கோ ஹமீமா. சனிக்கிழமையளில கொட்டாஞ்சேனைப் பக்கம் போறாரோ?

— இல்லை.

— ஆத்தைக் கடந்து... அங்கால... வத்தளையோ?

— ஓம்.

— நானாக்கு என்ன இப்பிடி வேர்க்குது? ஃபேன் சுத்துதுதானே.

— ஒண்டுமில்லை, மழைப் புழுக்கம். தாரு... அந்த மனுசனின்ர மனுசிக்கு இது தெரியுமோ?

— ஓம்.

— தாரிகா, என்ன நீங்க! இப்ப வர வேண்டியது...

— நீங்கள் பேசாமல் இருங்கோ ஹமீமா. பதில் சொல்லுறது நான்தானே.

— என்ன? எது பிழைச்சுப் போச்சு?

— ஒண்டும் பிழைக்கேல்லை. கேளுங்கோ.

— ஆரும் கண்டுட்டு வந்து சொன்னவையோ?

— இல்லை.

— சட்டையில ஏதும்... பட்டிருந்ததோ?

— ஓம்.

— கொலரிலயோ?

— ஓம்.

— பவுடரோ?

— ஓம்.

— ஐயோ தாரு, நீர் நினைக்கிற மாதிரி இல்லை! சத்தியமா அது பொம்பிளையின்ர பவுடர் இல்லை. என்ர பவுடர்!

— உங்கட பவுடரோ?

— எனக்குப் பூசி விட்டது. நான்... நடிக்கிறன்.

— யா அல்லாஹ்!

— சிங்கள டெலிநாடகம். வத்தளையில ஒரு வீட்டிலதான் ஷூட்டிங். சனிக்கிழமை பேங்கில ட்ரெயினிங் எண்டு உமக்குச் சொன்னதெல்லாம் பொய் தாரு.

— ஹீரோவா நடிக்கிறீங்க, நானா?

— எங்கயப்பா. கடை முதலாளி. ஒரேயொரு வசனம். ‘சீனி இவறய், மாத்தயா.’ சீனி முடிஞ்சுது எண்டு சொல்லுறது. ஆனா, அதைச் சொல்லேக்க கமராக்காரன் கண் கலங்கிட்டான்.

— சீனி முடிஞ்சதுக்கோ?

— நக்கலடியாதேயும் தாரு. கொட்டாஞ்சேனை பிராஞ்சில ஒருநாள், லோனுக்கு வந்த ஒரு கிழவருக்கு ‘இல்லை ஐயா, கிடைக்காது’ எண்டு சொல்லிக்கொண்டு நிண்டனான். பின்னால வரிசையில டைரக்டர் மிஸ். ‘இல்லை எண்டு சொல்லேக்க இவ்வளவு இரக்கமா இருக்கிற முகத்தை நான் காணேல்லை’ எண்டு விசிட்டிங் கார்டை நீட்டினா. பதினெட்டு வருசம் அந்தக் கவுண்டரில இருக்கிறன் தாரு. ஒருத்தரும் என்ர முகத்தைப் பார்த்ததில்லை. கண்ணாடிக்குக் கீழ இருக்கிற ஓட்டையைத்தான் பார்ப்பினம்.

— அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?

— சிரிப்பீர் எண்டு. நீர் சிரிச்சாலும் பரவாயில்லை, உம்மட அப்பா? வரதராசா மாஸ்டரின்ர மருமகன் மூஞ்சியில பவுடரைப் பூசிக்கொண்டு சீனி விக்கிறான் எண்டு தெரிஞ்சால் மனுசன் தீபாவளிக்கும் இந்தப் பக்கம் வராது. அதை விடும். நீங்கள் ரெண்டு பேரும் இதைக் கண்டுபிடிச்சு, இப்பிடிக் கதையாக் கட்டி வச்சுக்கொண்டு என்னைக் கூப்பிட்டனீங்களோ?

— நானா, நான் ஒண்டு செல்லவா? கதையே இல்ல.

— என்ன?

— நாங்க கதை ஒண்டும் யோசிக்கல்ல. ஒரு தரம் ஓம், அடுத்த தரம் இல்லை, மறுகா ஓம், மறுகா இல்லை. சட்டம் அவ்வளவுதான். நான் படிச்சுக் குடுக்கிற ஸ்கூல் பிள்ளைகள் அஞ்சு நிமிசத்துல பிடிச்சிட்டாங்க. சனிக்கிழமை, வத்தளை எல்லாம் உங்கட வாயாலதான் வந்திச்சு.

— அப்ப... நானே எனக்குக் குழி வெட்டினனானோ?

— வெட்டி, உள்ள இறங்கிப் படுத்தும் காட்டினீங்க. ஆனா தாரிகா, எனக்கு ஒண்டு வெளங்கல்ல. வத்தளை வரைக்கும் நீங்க சட்டப்படிதான் செல்லினீங்க. அதுக்குப் பொறகு ஓம் மேல ஓமாச் செல்லினீங்க. ஏன் சட்டத்தை விட்டீங்க?

— அதுக்குப் பிறகு உண்மையைச் சொன்னனான் ஹமீமா.

— ஆ?

— இந்தாள் ஒவ்வொரு சனிக்கிழமையும் கழட்டிப் போடுற சட்டையை வொஷிங் மெஷினுக்குள்ள போட முதல் நான் மணந்து பார்த்தனான். பொம்பிளை வாசம். பின்னேரத்தில தேத்தண்ணியைக் குடுத்திட்டு முகத்தைப் பார்ப்பன். இந்தாள் பாட்டுப் பாடிக்கொண்டு சவரம் செய்யும். எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. உங்களிட்டச் சொல்லவும் வெக்கமா இருந்தது.

— தாரு...

— பேசாமல் இருங்கோ. சிரிப்பன் எண்டு பயந்தீங்களோ? ஓம், சிரிச்சிருப்பன். வயிறு நோகச் சிரிச்சிட்டு, அந்தச் சட்டையை மடிப்புக் கலையாமல் அயன் பண்ணித் தந்திருப்பன். உங்களுக்கு அது தெரியேல்லையே எண்டுதான் எனக்குக் கவலை.

— பிழைதான் தாரு. காலில வேணுமெண்டாலும் விழுறன்.

— நான் மேல போய் குடைய எடுக்கிறேன். கொத்தை நானே வாங்கிட்டு வாறேன், நீங்க ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டு ஈங்க.

— இருங்கோ ஹமீமா, ஓடாதேங்கோ. இந்தாள் இன்னும் முடிக்கேல்லை. வாற சனிக்கிழமையும் ஷூட்டிங் இருக்கெல்லோ?

— இருக்கு. நீர் வேண்டாம் எண்டால் போகேல்லை.

— என்ன சீன்?

— முதலாளியின்ர மனுசி கடைக்குள்ள பாய்ஞ்சு வந்து, ஆக்களுக்கு முன்னால முதலாளியைக் கிழி கிழி எண்டு கிழிக்கிற சீன். அந்த மனுசிக்கு ஆள் கிடைக்காமல்தான் இவ்வளவு நாளும் இழுபட்டது. வியாழக்கிழமை டைரக்டர் மிஸ்ஸுக்கு ஒருத்தி அம்பிட்டிட்டாவாம். ஆரெண்டு எனக்குச் சொல்ல மாட்டாவாம். ‘இப்பிடி ஒரு வாய் இலங்கையிலயே இல்லை, நீர் நடிக்கவே தேவையில்லை, அவவைக் கண்டால் உமக்குத் தானா நடுங்கும்’ எண்டு சொல்லிச் சிரிக்கிறா.

— நான் எங்க அப்பிடிக் கிழிச்சனான்? வியாழக்கிழமை நீங்கள் குளிக்கேக்க உங்கட போனில ஒரு பொம்பிளைக் குரல், ‘வினோதனை வத்தளைக்கு அனுப்புங்கோ’ எண்டு கேட்டால் ஆருக்குத்தான் கோவம் வராது? அவ முழுக் கதையையும் சொல்லி என்னையும் நடிக்கக் கேக்கிற வரைக்கும்தானே ஏசினனான். அது கிடக்கட்டும், சனிக்கிழமை வான் எத்தனை மணிக்கு வரும்? நான் தலை முழுகோணும்.