பாங்க் மாப்பிள்ளையின் விலை

— குறை நினையாதேங்கோ பிரணவன், அவ்வளவு சம்பளத்துக்கு நீங்கள் அப்படி என்னதான் செய்யிறியள்?

— பொம்பிளை பாக்க வந்த இடத்திலை இதுதான் முதல் கேள்வியோ, நிவேதனா?

— ரெண்டாவது. முதல் கேட்டது, என்ன ஐஸ்கிறீம் வேணுமெண்டு.

— சரி, சொல்லுறன். கொழும்பிலை, பாங்கிலை, டொலர் வாங்கி விக்கிறது. விடிய வாங்குவம், பின்னேரம் விப்பம். விளங்குதே?

— அந்த டொலரைக் கையாலை தொட்டுப் பாத்திருக்கிறியளே?

— எங்கை! எல்லாம் கொம்பியூட்டரிலைதான்.

— மெய்யே? நான் ஆஸ்பத்திரி வாட்டிலை இடுப்பு முறிய ஆக்களைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கிற நேர்ஸ். என்ரை சம்பளத்திலை நாலு மடங்காம் உங்களுக்கு.

— நாலில்லை.

— குறையவோ?

— கூட.

— முருகா!

— பொறுங்கோ, விளங்கப்படுத்துறன். நான் ஒரு பிழை விட்டால் பாங்குக்குக் கோடிக்கணக்கிலை நட்டம். அந்தப் பயத்துக்குத்தான் சம்பளம்.

— நான் ஊசி மருந்திலை பிழை விட்டால் ஆள் முடிஞ்சுது. எனக்குப் பயமில்லையோ?

— உங்களுக்குப் பிழைச்சால் ஏழையின்ரை உயிர் போகும். எனக்குப் பிழைச்சால் முதலாளியின்ரை காசு போகும். சம்பளம் போடுற ஆள் எதுக்குக் கூடப் பயப்பிடுவார், சொல்லுங்கோ?

— அப்ப நீங்களே ஒத்துக்கொள்ளுறியள்.

— ஒத்துக்கொள்ளேல்லை. உலகம் நடக்கிற விதத்தைச் சொன்னனான்.

— டொலர் கண்டபாட்டுக்கு ஏறின அந்த வருசம் எங்கடை ஆஸ்பத்திரியிலை கையுறைக்கும் தட்டுப்பாடு. அப்ப உங்களுக்கு எப்படி?

— எங்களுக்கு... ரெண்டு போனஸ்.

— ரெண்டோ!

— ஏறினாலும் இறங்கினாலும் எங்களுக்கு லாபந்தான். சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு.

— சரி, அது உங்கடை பாங்கின்ரை பாடு. எனக்கு விளங்காதது வேறையொண்டு. நீங்கள் அவ்வளவு காசு உழைச்சால் சீதனம் குறையத்தானே வேணும்? என்னெண்டு கூடினது?

— அது அம்மாவின்ரை கணக்கு.

— புறோக்கர் சொன்னார், வாத்தியார் மாப்பிள்ளையெண்டால் இவ்வளவு சீதனம் போதுமாம், பாங்க் மாப்பிள்ளைக்குக் காணாதாம். விலைப்பட்டியல் மாதிரி!

— மெல்லச் சிரியுங்கோ. அங்காலை மேசையிலை இருந்து அம்மா பாக்கிறா.

— பாக்கட்டும். முந்தநாள் எங்கடை கோப்பாய்த் தோட்டத்தை வாங்க ஒராள் வந்தவர். அப்பா வாழைக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிண்டவர், அப்படியே மண்வெட்டியை வைச்சிட்டுப் போய் அந்தாளுக்குக் கிணத்தைக் காட்டினார். நல்ல தண்ணி, எந்தக் கோடையிலும் வத்தாது எண்டு தன்ரை வாயாலையே சொல்லுறார். பிறகு சாப்பிடவே இல்லை.

— தோட்டத்தை விக்கப் போறாரோ?

— பின்னை? உங்கடை சம்பளத்துக்கு ஈடு கட்ட எங்களிட்டை வேறை என்ன கிடக்கு? நாளைக்குக் காணி உறுதி எழுதுறதாம்... சாப்பிடுங்கோ, ஐஸ்கிறீம் உருகுது.

— விக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ.

— உங்கடை அம்மா விடுவாவோ?

— அம்மாவுக்குத் தெரியாது. நிவேதனா, எனக்கு இப்ப வேலை இல்லை.

— என்ன சொல்லுறியள்?

— நான் செய்த வேலையை இப்ப கொம்பியூட்டர் தானாவே செய்யுது. எங்கடை பகுதியிலை ஒராளை மட்டும் வைச்சிருக்கினம். அது நானில்லை.

— அப்ப இவ்வளவு நேரமும் இல்லாத சம்பளத்துக்கோ வாதாடினியள்?

— பழக்கம். இப்பவும் விடிய எழும்பினவுடனை டொலர் விலையைத்தான் பாக்கிறன்.

— வீட்டிலை என்ன சொன்னியள்?

— லீவிலை வந்ததெண்டு. அம்மா சொந்தக்காரர் எல்லாருக்கும் என்ரை சம்பளத்தைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறவ. கலியாணம் முடியட்டும், ஆறுதலாச் சொல்லுவமெண்டு நினைச்சன்.

— முடியவோ! எங்கடை தோட்டம் போனாப்பிறகோ?

— தோட்டம் விக்கிற கதை சத்தியமா எனக்குத் தெரியாது. உங்கடை அப்பா கிணத்தைக் காட்டினதைச் சொன்னியளே, அதுக்குப் பிறகு மறைக்க மனம் வரேல்லை. கோவமெண்டால் எழும்பிப் போங்கோ, நான் ஒண்டும் நினைக்கமாட்டன்.

— கோவந்தான். ஆனால் நான் எழும்பேல்லை. இனி என்ன செய்யிறதா யோசினை?

— இஞ்சை நல்லூரிலை ஒரு ரியூசன் சென்ரரிலை கணக்குப் படிப்பிக்கக் கேட்டவை. சம்பளம்... உங்கடையிலும் பாக்கக் குறைய.

— மெய்யே?

— மெய்தான். சிரிக்கிறியள்!

— சிரிக்காமல்? பிரணவன், உங்களை வேண்டாமெண்டு சொல்லத்தான் நான் இண்டைக்கு வந்தனான்.

— விளங்குது. பறவாயில்லை.

— உங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. எழும்புங்கோ, ரெண்டு பேருமாப் போய் முதல் உங்கடை அம்மாவிட்டைச் சொல்லுவம். அதுக்குப் பிறகு, சீதனக் கதை இல்லாமல், நீங்களே என்னை ஒருக்காக் கேளுங்கோ.