ஜாகோ கொண்டுவந்த கயிறு

— அன்னைக்கு இதே வாசல்ல நின்னுதான் கேட்டேன், மெரின். "உன்னை விட்டுட்டுப் போறேனே, என்னைச் சபிக்கப்போறியா?"ன்னு. நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?

— நீயே சொல்லு.

— "நான் ஒண்ணும் செய்யமாட்டேன், ஜாகோ. நீ போ"ன்னே. கத்தியிருந்தா பயந்திருக்க மாட்டேன். டீக்குப் பால் வேணுமான்னு கேக்கிற மாதிரி சொன்னே பாரு, அதுக்குத்தான் பயந்தேன்.

— ஐவி தைரியம் சொல்லலையா? எங்க மந்திரக்காரிங்க வட்டத்துல என் கையைக் கோத்துக்கிட்டு நிலாவைக் கும்பிட்டவளாச்சே. கும்பிட்ட கையோட என் புருஷனையும் கூட்டிட்டுப் போனாளே.

— அவ பேச்சை விடு. கார்ன்வால் மழை ஒத்துக்கலைன்னு பிளிமத்ல அக்கா வீட்டுக்குப் போயிட்டா.

— அடடா! மழை இங்க புதுசு பாரு. சரி, பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா. அது என்ன மேசை மேல வைக்கிறே?

— உன் கயிறு. அடுப்புக்கு மேல தொங்குமே, சிவப்புக் கயிறு. சத்தியமா திருடணும்னு வரலே.

— செத்தவங்களுக்கு விளக்கு வைக்க நாங்க குன்று மேல போயிருந்த நேரமா பாத்து வந்தே. தெரியும். அடுப்பங்கரை பூரா உன் நண்டு வாடை.

— தெரிஞ்சுமா சும்மா இருந்தே?

— சும்மாதான் இருந்தேன்.

— அதுல ஒம்பது முடிச்சு இருந்துது. ஐவிதான் சொன்னா, "அது உன் மேல போட்ட கட்டு, ஒண்ணொண்ணா அவிழ்த்தா விட்டுப்போகும்"னு. சத்தியமா, பௌர்ணமி தவறாம அவிழ்த்தேன்.

— அதையும் அவ ஊர் பூரா சொல்லிட்டா. அவிழ்த்ததும் என்ன ஆச்சு? உன் வாயால கேக்கணும்னு ஆசையா இருக்கு.

— கேலி பண்ணாதே. மொதல்ல நண்டுக்கூண்டு எல்லாத்தையும் அலை அடிச்சுட்டுப் போச்சு. அப்புறம் எஞ்சின் நடுக்கடல்ல நின்னுது. இப்படியே போய், எட்டாவது முடிச்சுக்கு வலை இழுக்கிற ராட்டையில இந்த விரல் மாட்டிக்கிச்சு. பாரு.

— காட்டு. ம், நல்லாத்தான் நசுங்கியிருக்கு.

— சந்தோஷமா?

— ரொம்ப. மேல சொல்லு.

— எட்டு போச்சு, இந்த ஒண்ணுதான் பாக்கி. இது அவிழ மாட்டேங்குது. இந்த விரலை வெச்சுக்கிட்டு முடியலே. கத்தி வைக்கக்கூடாதுன்னு நீதான் சொல்வே. நாளைக்கு மறுபடியும் படகை எடுக்கப்போறேன். போட்டவ நீ, நீயே அவிழ்த்துவிடு. எனக்கு விடுதலை கொடு, மெரின்.

— அட, நான் சொன்னதெல்லாம் காதுல விழுந்துதா! காத்தே, நெருப்பே, தண்ணியே, மண்ணேன்னு நான் கூப்பிடறப்போ கதவுகிட்ட நின்னு சிரிப்பியே.

— இப்போ சிரிக்கலே.

— கொண்டா இப்படி. ஊசியாலதான் நெகிழ்த்தணும். ஜாகோ, இதை அவிழ்க்கச் சொன்னது நீதான். "நானாத்தான் கேட்டேன்"னு சொல்லு.

— நானாத்தான் கேட்டேன். போதுமா?

— நெகிழுது பாரு. நீ அவிழ்த்தியே முதல் முடிச்சு, அது உன் கூண்டுங்களுக்குப் போட்டது. அலை கொண்டுபோகக் கூடாதுன்னு. அடுத்தது எஞ்சினுக்கு. எட்டாவது உன் கைக்கு.

— என்ன உளர்றே?

— எனக்குச் சாபம் போடத் தெரியாதுடா. எல்லாம் காப்பு. உனக்குப் போட்ட காப்பு. நீ உன் கையாலேயே அவிழ்க்கிறேன்னு தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கலே. மீன் சந்தையில ஒவ்வொரு சேதியா கேட்டேன். கேட்டுட்டு வந்து நிம்மதியா தூங்கினேன். சொன்னபடி நான் ஒண்ணும் செய்யலே!

— அடிப்பாவி! யாருக்கும் கெடுதல் செய்யாம இருக்கிறதுதான் உங்க வேதமே!

— ஆமா. செஞ்சா மூணு மடங்காத் திரும்பி வரும். சும்மா இருந்தா வராதுன்னு நெனச்சேன். என் தேனீப்பெட்டி மூணும் ஒரே வாரத்துல செத்துப்போச்சு. அப்பவும் நான் உன்கிட்ட வந்து சொல்லலே. அவ்வளவு ஆத்திரம்.

— அப்போ இந்த முடிச்சு?

— உன் உசிருக்கு.

— ஊசியைக் கீழ வை, மெரின்.

— ஏன், விடுதலை வேணாமா? இன்னும் ஒரே இழுப்பு. நீயே கேட்டதுதானே?

— கீழ வை, சொல்றேன். இதை எப்போ போட்டே?

— இதுதான் நான் மொதமொத போட்டது. நம்ம கல்யாணத்துல கையைச் சேத்துக் கட்டின மறுநாள் விடியறதுக்குள்ள நீ படகெடுத்துக் கிளம்பிட்டே. மத்த மீனவங்க பொண்டாட்டிங்க துறையில நின்னு புருஷன்கிட்ட வாய்விட்டுக் கேப்பாங்க. நீ சிரிப்பேன்னு நான் கேக்கலே. உள்ள வந்து கயித்துல முடிஞ்சேன். எதுக்குன்னு பேர் வெச்சுப் போட்டாலும் ஒம்பதுலயும் நான் முடிஞ்சு வெச்சது ஒரே வார்த்தைதான்.

— என்ன வார்த்தை? இப்பவாவது வாய்விட்டுச் சொல்லேன்.

— கடலுக்குப் போகாதே, ஜாகோ.