வலக்காலைத் தூக்கிய நாரை

பக்கம் திருப்புவதற்கு விரலை நாக்கில் தொட்டுக்கொள்கிறவர்கள் வீட்டில் நான் சாப்பிடுவதில்லை. சின்ன விஷயம்தான். அதைத் தேவைக்கு மேல் பெரிதாக்குகிறேனோ என்று எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் இதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும் என்று நினைக்கிறேன்.

நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தது ஒரு பெயரைத் திருத்துவதற்காக. சந்தையில் பழைய கருவிகள் விற்றுவந்த வாவ்ராவின் மகள் ஷார்கா ஒரு சாணைச் சக்கரக் கம்பெனி மீது வழக்குப் போடப் போகிறாள். அவள் அப்பாவின் பட்டறையில் வெடித்துச் சிதறிய சக்கரத்தில் அந்தக் கம்பெனியின் லேபிள் இருந்தது. உங்கள் அறிக்கையிலும் அதே பெயர்தான் இருக்கிறது. அது தவறு. அந்தச் சக்கரத்தை அவர்கள் செய்யவில்லை. ஒரு பொருளின் மேல் வேறு ஒருவர் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

என் பெயர் ஹைனெக் ட்ர்லிட்சா. வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் கருவிக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை மாலைகளில் பழைய கருவிகளின் முத்திரைகளைப் படிக்கும் வகுப்புக்குப் போகிறேன். மிலுஷே மேடம் நடத்துகிறார். ஓர் உளியையோ இழைப்புளியையோ மேசையில் வைப்பார். யார் செய்தது, எந்தக் காலத்தது என்று நாங்கள் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் எவ்வளவு உறுதி என்பதையும் அறிவிக்க வேண்டும்: நிச்சயம், அநேகமாக, தெரியாது. இந்த மூன்றுக்கு மேல் பேச்சு கிடையாது. இரண்டு வருடமாக நான் 'நிச்சயம்' என்று கை தூக்கியதே இல்லை. மற்றவர்கள் சிரிப்பார்கள். "ஹைனெக்கிட்ட அவன் பேரைக் கேட்டாலும் அநேகமாகன்னுதான் சொல்லுவான்" என்று ஒருவர் சொன்னார். நானும் சிரித்தேன்.

தேய்ந்துபோன முத்திரையைப் படிக்க மேடம் கற்றுக்கொடுத்த முறை சுத்தமானது. காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்ட வேண்டும். சுண்ணாம்புக் கட்டியை லேசாகத் தேய்க்க வேண்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழுந்து நிற்கும். நான் தூரிகை, சுண்ணாம்பு, டார்ச், ஒரு ஜோடி கையுறை எல்லாவற்றையும் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன்.

பிர்னோ நகரத்தின் சனிக்கிழமைப் பழைய கருவிச் சந்தையில் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. அங்கே எல்லோரும் கட்டைவிரலில் துப்பி இரும்பின் மேல் தேய்க்கிறார்கள். ஈரத்தில் முத்திரை ஒரு கணம் கறுப்பாகத் தெரியும், பிறகு மங்கிவிடும். அடுத்தவர் வந்து மறுபடி துப்புவார். ஒரு நல்ல உளி மதியத்துக்குள் இருபது பேர் வாயைப் பார்த்துவிடும். யாரும் அதைப் பற்றி யோசிப்பதாகத் தெரியவில்லை.

வாவ்ராவின் கட்டைவிரல் மற்றவர்களுடையதைவிட அகலமானது. நகம் பாதியில் பிளந்து, பிளவுக்குள் கறுப்பு எண்ணெய் ஏறி உறைந்திருக்கும். அவர் அதை முழுதாக வாய்க்குள் விட்டு எடுப்பார். தேய்ப்பார். பிறகு அதே விரலால் மீசையை ஒதுக்குவார். அவருடைய கடைப்பலகையின் மூலையில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும். வெங்காயத்தோடு வினிகரில் ஊறப்போட்ட தடித்த சாசேஜ்கள். மேலே கொழுப்பு வட்டம் வட்டமாக மிதக்கும்.

"வாங்க இன்ஜினியரே" என்பார் என்னைக் கண்டதும். நான் இன்ஜினியர் இல்லை. "என்ன, பிணத்தைத் தொடப்போற டாக்டர் மாதிரி கையுறை மாட்டுறீங்க? உளிதான், கடிக்காது."

"துருப் பிடிச்சிருக்கு."

"உளிக்குத் துரு பிடிக்கும், நமக்கு நரை பிடிக்கும். வெக்கப்பட என்ன இருக்கு? இந்தாங்க, முதல்ல ஒண்ணு சாப்பிடுங்க."

ஜாடிக்குள் இரண்டு விரல்களை விட்டு ஒரு சாசேஜை எடுத்து என் முன்னால் நீட்டினார். அது ஏப்ரல் மாதம். அப்போதுதான் ஓர் அரத்தின் முத்திரையை எச்சில் தொட்டுத் தேய்த்து முடித்திருந்தார். மறுத்தால் மனம் நோகும் என்பது தெரியும். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். நான் கையுறையைக் கழற்றி வாங்கிக்கொண்டு சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன்.

"பாத்தீங்களா, மனுஷனாயிட்டார்" என்று அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். அன்றைக்குத்தான், கிடங்கில் பழைய சாணைச் சக்கரம் ஏதாவது கழித்துப்போட்டால் தனக்கு ஒன்று கொண்டுவர முடியுமா என்று கேட்டார். கழித்த சக்கரத்தைச் சுத்தியலால் உடைத்துவிட வேண்டும், அதுதான் விதி என்றேன். "உடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்னை நெனச்சுக்கோங்க" என்றார்.

இலையுதிர் காலத்தில் அவரிடம் ஐந்து செதுக்கு உளிகள் வாங்கினேன். முனை சாய்ந்தவை, ஒரு பக்கம் மட்டும் தீட்டியவை. ஐந்தின் மேலும் நாரை முத்திரை இருந்தது. போருக்கு முந்தைய குபீன் சகோதரர்கள் பட்டறையின் முத்திரை அது. வருட முடிவில் வகுப்புக் கண்காட்சியில் வைக்க நினைத்தேன். வீட்டில் சுண்ணாம்பு தேய்த்து டார்ச் பிடித்தபோது நாரை வலக்காலைத் தூக்கியிருந்தது. வகுப்பில் மேடம் தந்த படத்தில் அது எதிர்ப்பக்கம் பார்த்து இடக்காலைத் தூக்கியிருக்கும்.

ஒன்றில் அப்படி இருந்தால் என் கண்ணைச் சந்தேகப்பட்டிருப்பேன். ஐந்திலும் அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவற்றை மேசையில் வைத்தேன். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சு குபீன் நாரை இந்தப் பக்கம் பாக்காது. யார்கிட்ட வாங்கினே?"

"வாவ்ராகிட்ட."

"அவர்கிட்டயே கேட்டுடேன். எங்கேயிருந்து வந்துதுன்னு சொல்லுவார். உன் முடிவு என்ன?"

"போலி. நிச்சயம்" என்றேன். இரண்டு வருடத்தில் முதல் முறை. வகுப்பில் யாரோ மெல்லக் கை தட்டினார்கள்.

நான் கேட்கவும் செய்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரையும் விசாரிக்காமல் முடிவுகட்டுகிறவன் இல்லை நான். அவர் வீட்டுக்கே போனேன். வாசலில், விருந்தாளிகள் வீட்டுக்குள் போடுவதற்கென்று வைத்திருந்த செருப்பைக் கொடுத்தார். உள்ளே வேறு யாருடைய பாதத்தின் ஈரமோ இன்னும் இருந்தது. பட்டறையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் பழுப்பான திரவத்தில் இரும்புகள் ஊறிக்கொண்டிருந்தன. அறை முழுக்க மூத்திர நாற்றம். புதிய இரும்பைப் பழையதாகக் காட்ட அப்படி ஊறவைக்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். வேலைமேசையின் மேல், ஒரு சிகரெட் டப்பாவில், முத்திரை குத்தும் எஃகு அச்சு ஒன்று கிடந்தது. அதன் முனையில் நாரை.

"நாரை ஏன் வலக்காலைத் தூக்குது?" என்று கேட்டேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எந்தக் கால் வலிக்குதோ அதைத் தூக்கும் இன்ஜினியரே. கொக்குக்குப் போய்ச் சட்டம் பேசுறீங்க. இருங்க, இதுக்கு ஒரு கதை இருக்கு, மாமனார் கதை. ஒரு பீர் ஊத்துறேன், உக்காருங்க."

அவர் கண்ணாடிக் குவளையைச் சட்டையின் ஓரத்தால் துடைத்தார். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கதையைக் கேட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். அந்தக் குவளையை நீங்கள் பார்க்கவில்லை.

சக்கரத்துக்கு வருகிறேன். எங்கள் கிடங்கில் சாணைச் சக்கரத்தைச் சோதிக்கும் முறை எளிது. நடுத்துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, மரக் கைப்பிடியால் தட்ட வேண்டும். நல்லதென்றால் மணிபோல் ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் செத்த ஓசை வரும். என்னிடம் செத்த ஓசை வந்த சக்கரம் ஒன்று இருந்தது. மலிவான சரக்கு, செய்தவர் பெயரே இல்லாதது. நடுத்துளையிலிருந்து முடியளவு கோடு ஒன்று ஓடியது. நான் அதை உடைக்கவில்லை. தூசி போகத் துடைத்தேன். ஒரு நல்ல கம்பெனியின் சக்கரத்திலிருந்து வட்ட லேபிளை ஆவியில் காட்டி உரித்தேன். விரிசல் மறையும்படி ஒட்டினேன். குமிழ் விழாமல் ஒட்டுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

இதை ஒரு பரீட்சை என்றே நினைத்தேன். கருவி தெரிந்த எவனும் புதுச் சக்கரத்தைத் தட்டிப் பார்க்காமல் மாட்ட மாட்டான். தட்டினால் தெரிந்துவிடும். தட்டாதவனுக்குப் பொருளின் மேல் அக்கறை இல்லை, மேலே ஒட்டிய பெயர் மட்டும் போதும் என்று அர்த்தம். போலி முத்திரை குத்துகிறவனுக்கு அதைவிட நியாயமான சோதனை எனக்குத் தோன்றவில்லை. அவருடைய சாணை இயந்திரத்தில் காப்பு மூடி இல்லை என்பது எனக்குத் தெரியும். பெரிய கத்திகளுக்கு இடைஞ்சல் என்று அவரே கழற்றி வைத்திருந்தார்.

நான் அவர் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயோ, மறக்கலையே இந்த மனுஷன். நான் உங்களைக் கஞ்சப்பிசினாறின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே."

கட்டைவிரலை வாய்க்குள் விட்டார். லேபிளின் மேல் தேய்த்துப் படித்தார். "அடேங்கப்பா, இந்தக் கம்பெனியா. இதையெல்லாம் சோதிக்கவே வேண்டாம்" என்றார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "அதுவும் உங்க கையிலேருந்து வருது."

அவர் தட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நட்டு முறுக்கி முடிக்கும்வரை தட்டுவதற்கு நேரம் இருந்தது.

"எங்க போறீங்க? முதல் தீட்டு நீங்கதான் பாக்கணும்."

"கை கழுவிட்டு வரேன்" என்றேன்.

"கழுவுங்க, கழுவுங்க. தோல் உரிஞ்சுடப்போகுது, பாத்து."

நடையில் ஒரு குழாய் இருக்கிறது. மோட்டார் வேகம் பிடிக்கும் ஓசை கேட்டது, பிறகு மற்றது கேட்டது. சோப்பு நுரை போகும்வரை கழுவினேன். போனைத் தொடுவதற்கு முன் கைகளைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே போனபோது அவர் மேசைக்கு அடியில் கிடந்தார். முகத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை; நீங்கள் படம் எடுத்திருக்கிறீர்கள். கட்டைவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இன்னும் ஈரமாக இருந்தது. ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் இறந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை ஷார்கா வகுப்புக்கு வந்தாள். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் முன்னால் வைத்தாள்.

"நீங்கதானே கை கழுவுறவர்? அப்பா உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தார். ஜோடியைப் பிரிச்சு வித்துட்டேனேன்னு தெனம் பொலம்பல். ஒவ்வொரு கடையா ஏறி எறங்கி, வாங்கினவங்ககிட்டேயிருந்து திரும்ப வாங்கினார்."

உள்ளே ஐந்து உளிகள் இருந்தன. முனை மறுபக்கம் சாய்ந்தவை. அவற்றின் நாரை இடக்காலைத் தூக்கியிருந்தது. கூடவே அந்தச் சிகரெட் டப்பாவில் இரண்டு அச்சுகள்.

மேடம் வகுப்பிலேயே இருந்த என் ஐந்தையும் எடுத்து, இரண்டு வரிசையையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார். "இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. நாரை எப்பவும் கூர்முனையைப் பாத்து நிக்கணும்னு ரெண்டு அச்சு வச்சிருந்திருக்காங்க. எனக்கே இது தெரியாமப் போச்சே."

"தாத்தா குபீன் பட்டறையில முத்திரை குத்துறவரா இருந்தார்" என்றாள் ஷார்கா. "அம்மா கல்யாணத்துக்குச் சீதனமா இந்த டப்பாவைக் குடுத்தார்னு அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

வாளியில் என்ன ஊறியது என்று கேட்டேன். துருப் போக்குவதற்கு வினிகர் என்றாள். நாற்றம் பூனையுடையது, மூன்று பூனைகள், இப்போது அவற்றை யார் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்றாள். பிறகுதான் வழக்கைப் பற்றிச் சொன்னாள். அந்தக் கம்பெனியைச் சும்மா விடப் போவதில்லை என்றாள். அவள் தப்பான இடத்தில் போய் நிற்கப்போகிறாள் என்பது எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே முத்திரை விஷயத்தில் நான் தவறிவிட்டேன். அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறை நிச்சயம் என்றேன், அதுவும் தப்பு. ஆனால் அன்றைக்கு என் கையில் இருந்த ஆதாரங்களை வைத்துப் பார்த்தால் வேறு யாராக இருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். போலி செய்கிறவர் என்று நம்பித்தான் செய்தேன். சக்கரத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன், லேபிளை நான்தான் ஒட்டினேன், அது வெடிக்கும் என்று தெரிந்தே கொடுத்தேன். காரணம் அந்த நாரை. அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

அந்தச் சக்கரத்தை உடைக்காமல் எப்போது எடுத்து வைத்தேன் என்று கேட்கிறீர்கள்.

ஏப்ரலில். சந்தையிலிருந்து திரும்பிய அன்று மாலையே, கிடங்கில், முதல் தட்டலிலேயே செத்த ஓசை வந்தது. சாசேஜின் வினிகர் வாசனை இன்னும் விரலில் இருந்தது. துணியில் சுற்றி என் அலமாரியில் வைத்தேன்.

ஆமாம், நாரையைப் பார்த்தது அக்டோபரில்தான். நீங்கள் சொல்வது சரி, ஏப்ரலில் எனக்கு அவர்மேல் எந்தச் சந்தேகமும் இல்லை.

அப்படியானால் எதற்காக எடுத்து வைத்தேன் என்று கேட்டால், தெரியாது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தைத் திருப்பும்போது மட்டும், தயவுசெய்து, விரலை நாக்கில் தொடாதீர்கள்.