கரட் குத்தின இடம்

— இல்லை யோகம், உலோகம் தேடுற மிஷின் இந்தமுறை கத்துறது சப்பாத்துக்கு இல்லை. வேலைச் சப்பாத்தைக் கழட்டிக் காருக்குள்ள போட்டிட்டுத்தானே வந்தனான்.

— இரும்பு முனைச் சப்பாத்தோட நிண்டு உங்கட காலடியையே அரை மணித்தியாலம் கிண்டினனீங்கள். குதிரைக்காரன் வேலியில நிண்டு பாத்தவன்.

— பாக்கட்டும். வயல் அவன்ர, விசர் என்ர. கத்துது, கேளும்.

— என்ன வருது?

— பியர் மூடி. பதினோராவது.

— கலியாண மோதிரம்?

— அதுதான் இல்லை. எங்கட ஊர்த் தங்கத்துக்கு மிஷினைப் பழக்குவம் எண்டு காலமை நானே தாட்டனான்.

— அடையாளம் வைக்கேல்லையே?

— வைச்சனான். இரும்பு வைச்சால் மிஷின் குழம்பும் எண்டு யோசிச்சு, வெம்பிளியில வாங்கின கரட் ஒண்டைக் குத்தி வைச்சனான்.

— குதிரை நிக்கிற வயலில.

— ஓம்.

— கரட்.

— ஓம் எண்டுறன். சப்பாத்து மாத்திப்போட்டு வந்து பாத்தால் அது சப்பிக்கொண்டு நிக்குது. சிரியும், நல்லாச் சிரியும்.

— இந்த மிஷினையே யாழ்ப்பாணம் கொண்டுபோகப் போறியள்?

— சண்டை நிண்டு யாழ்ப்பாணப் பாதை திறந்திட்டாங்கள், ரிக்கற்றும் போட்டாச்சு. தொண்ணூற்றைஞ்சில இடம்பெயரேக்க தேசிமரத்தடியில ரின்னோட தாட்டது உம்மட தாலிக்கொடி. எட்டு வருசமா கலியாணவீடுகளில நீர் மஞ்சள் கயித்தைச் சீலைக்குள்ள ஒளிக்கிறதைப் பாக்கிறன். புதுசு செய்வம் எண்டு உம்மட அண்ணர் சொல்ல, அது இருக்கேக்க ஏன் எண்டு மறிச்சதும் இந்த மடையன்தான். மகள் சாருஜான்ர சாமத்தியவீட்டுக்கு முதல் அது உம்மட கழுத்தில கிடக்கவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்.

— காலமை தாட்டதையே எடுக்க ஏலாத ஆள்.

— அதுதான் எனக்கும் பயமாக் கிடக்கு. அங்கை செல் விழ விழக் கிண்டினனான். இஞ்சை நல்ல வெயில், எதிரியெண்டால் பசிச்ச குதிரை ஒண்டுதான். அதிட்டையே தோத்துப்போனன்.

— கையை நீட்டுங்கோ.

— ஏன்?

— நீட்டுங்கோ எண்டுறன்.

— என்ர மோதிரம்! எப்ப எடுத்தனீர்?

— நீங்கள் சப்பாத்து மாத்தப் போகேக்க. எடுத்துப்போட்டுக் கரட்டைத் திருப்பிக் குத்தி வைச்சனான். உங்கட அடையாளங்களை நான் நம்புறேல்லை.

— கள்ளி. ஒரு மணித்தியாலமா என்னைப் பியர் மூடி பொறுக்க விட்டனீர் என்ன?

— எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் நிண்டனான். மிஷினைக் கடையில திருப்பிக் குடுங்கோ.

— ஏனப்பா? ஒரு நாள் பழகினால் சரிவரும்.

— அண்டைக்கு ரின்னைத் தாட்டுப்போட்டு, மாட்டை அவிட்டுவிடப் போனனீங்கள்.

— ஓம், போனனான். அதுக்கு?

— உங்களை வெளிநாட்டுக்கு எடுக்க ஏஜென்சிக்குக் காசு அண்ணை அனுப்பினவர் எண்டுதானே இண்டைவரைக்கும் நினைச்சுக்கொண்டிருக்கிறியள்?

— பின்னை ஆர்?

— கொடியை விக்கிறதெண்டு சொல்லியிருந்தால் நீங்கள் வெளிக்கிட்டிருக்க மாட்டியள். அந்தக் கொடியிலதான் நீங்கள் லண்டன் வந்து சேந்தனீங்கள்.