பதினொரு விநாடி துர்காதேவி

உங்கள் ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது மேடம். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். என் கடைக்கு எதிரில் விற்கும் டீயை ஆறு வருடமாக முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதித் தரச் சொல்லிப் பேனா கொடுத்திருக்கிறீர்கள். கையெழுத்து சுமார்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கார்த்திகேய சிவம், வயது முப்பத்தொன்று. காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை. பழைய ஆடியோ கேசட், கல்யாண வீடியோ கேசட் எதைக் கொடுத்தாலும் பென்டிரைவில் ஏற்றித் தருவேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கேசட் மிஷின் ஒழுங்காக ஓடுவது என்னிடம் மட்டும்தான். அது பிழைப்பு. மிச்ச நேரத்தில் இசை செய்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கேஸ் உங்களுக்கு விளங்காது.

இணையத்திலேயே பிறந்து இணையத்திலேயே வளர்ந்த இசை அது. வேப்பர்வேவ் என்பார்கள். எண்பதுகளின் விளம்பரப் பாட்டு, லிப்டுக்குள் ஓடும் இசை என்று யாரும் காது கொடுக்காத சங்கதிகளாக எடுத்து, வேகத்தைக் குறைத்து, எதிரொலி சேர்த்து ஓட விடுவோம். கூடவே ஒரு படம் இருக்கும். ரோஸ் நிற வானம், பளிங்குச் சிலையின் தலை ஒன்று, கட்டம் போட்ட தரை, ஓரத்தில் வீடியோ கேசட்டில் வரும் கோடு. அதற்குள்ளேயே குட்டிக் குட்டிப் பிரிவுகள் வேறு. ஆள் நடமாட்டமில்லாத ஷாப்பிங் மாலில் கேட்பதுபோலச் செய்வது ஒரு வகை. டிவியில் சேனல் மாற்றும்போது அகப்படும் துண்டுகளை ஒட்டிச் செய்வது இன்னொன்று. கேட்கிறவர்களில் பாதிப் பேர் அந்தக் காலத்தில் பிறக்கவே இல்லை. ஆனாலும் அதற்காக உருகுவார்கள். சிரிக்காதீர்கள் மேடம், ரொம்ப சுகமான ஏக்கம் அது.

போலந்துக்காரனும் பிரேசில்காரனும் அந்தக் கட்டம் போட்ட தரையைக் கம்ப்யூட்டரில் வரைந்து கஷ்டப்படுகிறார்கள். நமக்கு ஆத்தங்குடிக் கல் வீட்டுக்கு வீடு பதித்துக் கிடக்கிறது. கொத்தமங்கலத்தில் அழகுசுந்தரம் அண்ணனின் வீடு எப்போதும் பூட்டியிருக்கும். அண்ணன் சென்னையில் இருக்கிறார், வருடத்தில் இரண்டு நாள், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு மட்டும் வருவார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கருத்தையா எனக்குக் கதவு திறந்துவிடுவார். வளவில், அதாவது உள்முற்றத்தில், ஒரு கோடியில் ஸ்பீக்கர், மறு கோடியில் மைக் வைத்துப் பதிவு செய்வேன். அந்த எதிரொலியை எந்த மென்பொருளாலும் தர முடியாது. "இந்தப் பாட்டுக்கு ஒடம்புக்கு என்ன தம்பி, இழுத்துக்கிட்டுக் கெடக்கு" என்பார் கருத்தையா. தங்கமான மனிதர், அவரை இதில் இழுக்க வேண்டாம்.

முதல் கேசட் அழிந்தது தற்செயலாகத்தான். நேமத்தான்பட்டிக்காரர் ஒருவரின் கல்யாண வீடியோ மிஷினில் சிக்கி நைந்துவிட்டது. அதற்குள் பெரும்பகுதி கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. திட்டுவாரோ என்ற பயத்தில் கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது, ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மனிதர் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தக் கல்யாணத்தை முக்கால் மணி நேரம் எனக்குச் சொன்னார். மாப்பிள்ளை அழைப்பில் கார் நின்றுபோனது, மாமனார் செருப்பு காணாமல் போனது என்று ஒன்று விடவில்லை. அந்த வீடியோவை அவர் இருபது வருடமாகப் பீரோவுக்கு மேலே போட்டு வைத்திருந்தவர். இல்லை என்றதும்தான் அதன்மேல் பிரியம் வந்தது.

எனக்கு அப்போது ஒரு விஷயம் பிடிபட்டது. நாங்கள் இணையத்தில் பொய்யாகச் செய்கிற ஏக்கத்தை நான் நிஜமாகவே உண்டாக்க முடியும். அதற்கப்புறம் முறையாகவே செய்தேன். முதலில் முழுவதையும் என் டிஸ்க்கில் ஏற்றிக்கொள்வேன். பிறகு ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கேசட்டின்மேல் நாலு சுற்றுச் சுற்றுவேன். பூஞ்சை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன், கூலி வாங்க மாட்டேன். நீங்கள் காட்டிய பட்டியலில் இருபத்தாறு குடும்பங்கள் இருந்தன. விட்டுப்போன பதினைந்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இனி செந்தாமரையம்மா. கோட்டையூரில் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். போன வருடம் ஆடியில் நான்கு ஆடியோ கேசட்டுகளை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். அவர் வீட்டுக்காரர் அருள்பாண்டி தொண்ணூறுகளில் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர். வீட்டில் போன் கிடையாது. அதனால் பிள்ளையைப் பேசவைத்து, கேசட்டில் பதிந்து, ஊருக்கு வந்துபோகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை பெயர் துர்காதேவி. ஆறு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டது. அருள்பாண்டி இருந்தவரை அந்தக் கேசட்டுகளைப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்க விடவில்லை. அவரும் இறந்தபிறகுதான் அந்தம்மா எடுத்திருக்கிறார். இருபத்தேழு வருடமாக மகளின் குரலைக் கேட்காதவர்.

"எல்லாத்துலயும் அப்பா அப்பான்னுதான் தம்பி பேசும், அவுகளுக்கு அனுப்புனதுதானே," என்றார். "மூணாவதுல மட்டும், ஆடு வந்து கொடியில சேலையத் திங்குதுன்னு என்னைய அம்மான்னு கூப்புடும். அது இருக்கான்னு பாருங்க. எனக்கு அது ஒண்ணு போதும்."

இருந்தது. மூன்றாவது கேசட், பத்தொன்பதாவது நிமிடம். அப்பாவுக்குப் பாடிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று நிறுத்தி, "அம்மா, அம்மோவ், ஆடு ஒஞ் சேலையத் திங்குது" என்று கத்துகிறது. அந்தம்மா சிரித்துக்கொண்டே ஓடுகிற கொலுசுச் சத்தம்கூட விழுந்திருக்கிறது. நான் நான்கு தடவை கேட்டேன். இத்தனை அழகான ஒன்றை என் வாழ்க்கையில் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கியது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு காந்தத்தை எடுத்தேன்.

என் பாட்டுக்கு வேறொரு பதினொரு விநாடியை எடுத்துக்கொண்டேன். "நான் கோட்டையூர் துர்காதேவி பேசுறேன். அப்பா, இங்குட்டு மழை. அங்குட்டும் மழையா? எப்ப வாரீக?" வேகத்தைக் குறைத்தபோது ஒரு அதிசயம் நடந்தது. ஆறு வயதுக் குரல் கனத்து, நிதானமாகி, முப்பதைத் தாண்டிய பெண்ணின் குரலாகிவிட்டது. உயிரோடு இருந்தால் துர்காதேவிக்கு இப்போது முப்பத்துநாலு. காய்ச்சல் நிறுத்தின இடத்திலிருந்து அந்தப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியது நான்தான் என்று சொன்னால் அது மிகையில்லை. அந்தப் பாட்டை இதுவரை நாற்பதாயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள்.

பூஞ்சை என்று சொன்னதும் மற்றவர்கள் கேசட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் போகவில்லை. இங்கேயே வைத்து மெல்லப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமைதோறும் சமையல் முடிந்து டவுன் பஸ் பிடித்து வந்தார். வரும்போது நாட்டுக்கோழி முட்டை நாலு கொண்டுவருவார், நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. பூஞ்சை கொஞ்சமாவது விட்டதா என்று கேட்பார். பார்க்கலாம் அம்மா என்பேன். மேஜைக்கு அடியில் மைக் வைத்து அவர் கேட்பதையும் பதிந்துவைத்தேன், அடுத்த பாட்டுக்கு.

ஒருநாள் அவர் இருக்கும்போதே என் பாட்டைப் போட்டேன். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். "யாரு தம்பி இந்தப் பொண்ணு? வயசுப் பொண்ணாட்டம் இருக்கு. யாரையோ வரச்சொல்லுது, பாவம்" என்றார். பெயரும் ஊரும் இழுபட்டு எதிரொலியில் குழைந்து போயிருந்தன, பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. என் இசைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை, அன்றைக்கு முழுக்க ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். கொடுத்திருந்தால் நாலு நாள் கேட்பார், ஐந்தாம் நாள் பென்டிரைவ் சாமி மாடத்துக்குப் போய்விடும். ஆண்டவன் புண்ணியத்தில் அந்தம்மாவின் ஏக்கம் அப்படியே முழுசாக இருந்தது, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்ஷரா கோட்டையூர்ப் பெண், கல்லூரியில் படிக்கிறாள். இந்த ஊரில் என் இசையைக் கேட்கிற ஒரே ஆள். போன புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. அந்தப் பாட்டை விளையாட்டாக வேகப்படுத்திப் பார்த்திருக்கிறாள், பெயரும் ஊரும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அது எங்கள் தெரு செந்தாமரையம்மாவின் பாப்பா, அவரிடம் போட்டுக் காட்டினேன், அழுதுகொண்டே சிரிக்கிறார், பூஞ்சையெல்லாம் சுத்தம் செய்து நீங்கள்தான் மீட்டிருக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கிறேன், மிச்சத்தை வாங்க சாயங்காலம் கூட்டி வருகிறேன் என்று எழுதியிருந்தாள். அவர்களுக்குக் கோபமே இல்லை மேடம். நான் சும்மா தலையாட்டி டிஸ்க்கை நீட்டியிருந்தால், நாலு வெடி போட்டு என்னைக் கும்பிட்டிருப்பார்கள்.

கடையைச் சாத்திவிட்டு, டிஸ்க்கில் ஏற்றியிருந்த நான்கு கேசட்டையும் அதனதன் வேகத்தில் முழுக்கக் கேட்டேன். மூன்று மணி ஆகியிருந்தது. பக்கத்து கிரில் பட்டறை முத்துராமலிங்கம் அண்ணனிடம் போய் டிரில்லிங் மிஷின் கேட்டேன். அலமாரி மாட்டப் போகிறாயா என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார். டிஸ்க்கில் நான்கு ஓட்டை போட்டேன். சும்மா அழித்தால் உங்கள் ஆட்கள் மீட்டுவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன்.

ஐந்தரைக்கு வந்தார்கள். அந்தம்மா நல்ல சேலை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். டிஸ்க் மேஜைமேலேயே கிடந்தது, ஒளித்துவைக்க எனக்குத் தோன்றவில்லை. அக்ஷராவுக்குத்தான் முதலில் புரிந்தது, அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அந்தம்மா என்னைத் திட்டவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த ஆடு கூப்புட்டது இருந்துச்சா, தம்பி?"

"இருந்துச்சும்மா," என்றேன். "நல்லாக் கேட்டுச்சு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் நான் அந்த இடத்தில் பொய் சொல்லவில்லை என்பதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆக, அழித்தது நான்தான். நாற்பத்தொரு வீட்டுக் கேசட்டையும் நான்தான் அழித்தேன், துர்காதேவியை இரண்டு தடவை அழித்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் நான் கல்நெஞ்சன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் மேடம். அந்தப் பிள்ளை அம்மா என்று கூப்பிட்டது எப்படி இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் இப்போது நான்தான், அந்தம்மா வந்து கேட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சலிக்காமல் சொல்வேன்.