ரெண்டு இன்ச்சு எறக்கம்

அசரியா: இன்னொரு தபா சொல்லுங்க சார். ஏத்தணுமா, எறக்கணுமா?

ஜீவரத்தினம்: எறக்கணும் மேஸ்திரி. பின்னாடி மட்டும். ரெண்டு இன்ச்சு.

அசரியா: கங்கையா! சுத்தியைக் கீழ வெச்சுட்டு இங்க வா. சாரு வண்டியை எறக்கணும்ங்கறாரு.

கங்கையா: ஏத்தணும்னு சொல்லியிருப்பாரு. வர வர ஒனக்குக் காது...

ஜீவரத்தினம்: எறக்கணும்னுதாங்க சொன்னேன்.

கங்கையா: ஓரி தேவுடா! திருப்பதியில நாம பட்டறை போட்ட நாள்லேருந்து ஏத்திக் குடுன்னுதான் அல்லாரும் வந்தானுங்க. எறக்கிக் குடுன்னு ஒருத்தன் வரலியே!

ஜீவரத்தினம்: இது ஸ்போர்ட்ஸ் காருங்க. தரையோட தரையா இருந்தாத்தான் அழகு.

அசரியா: இப்போ மட்டும் இன்னா, மாடி மேலயா கீது? தெருவுல போற கோழி கழுத்தை நீட்டி உள்ள பாத்துட்டுப் போவுது.

கங்கையா: ரெண்டே சீட்டு. மேல கூரையும் இல்ல. மழை வந்தா இன்னா பண்ணுவே பாபூ?

ஜீவரத்தினம்: கொடை பிடிச்சுக்குவேன்.

கங்கையா: ஓட்டிக்கினேவா?

ஜீவரத்தினம்: சின்ன மழைன்னா ஓட்டிக்கினே.

அசரியா: ஒரு வாத்தியாருக்கு ஏது சார் இந்த மாதிரி சீமை வண்டி?

ஜீவரத்தினம்: நான் வாத்தியார்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

அசரியா: ...சட்டையில சாக்பீஸ் தூளு.

கங்கையா: எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே...

அசரியா: ஒனக்குக் கண்ணு போயி எத்தினி வருஷம் ஆச்சு. சும்மா இரு.

ஜீவரத்தினம்: சித்தூர்ல கணக்கு வாத்தியாருங்க. ஜீவரத்தினம். எங்க நைனா பிரகாசம், மிஷன் ஆஸ்பத்திரியில கம்பவுண்டரு. டாக்டர் தொர சீமைக்குத் திரும்பறப்போ, "பிரகாசம், இத்தினி வருஷம் மருந்து கலக்கிக் குடுத்தே, இந்தா"ன்னு சாவியைக் கையில வெச்சுட்டுப் போயிட்டாரு.

கங்கையா: நைனா ஓட்டுவாரா?

ஜீவரத்தினம்: அவருக்கு சைக்கிளே வராது. தினம் காலையில தொடைச்சுட்டு வந்துடுவாரு.

அசரியா: சரி, எறக்கற விஷயத்துக்கு வருவோம். முன்னாடி சுருள் ஸ்பிரிங், பின்னாடி இலை இலையா அடுக்குன பட்டை ஸ்பிரிங். பட்டையில ரெண்டு இலையை உருவிட்டா தானா குந்திக்கும்.

கங்கையா: இல்லாட்டி நான் அடிச்சு நிமித்திக் குடுக்கறேன். வளைவு போச்சுன்னா வண்டி எறங்கிப்பூடும்.

ஜீவரத்தினம்: காஸ் வெச்சு சூடு காட்டுனா சீக்கிரம் எறங்கும்னு ஒருத்தர் சொன்னாரு.

அசரியா: யாரு அந்த மகராசன்? சூடு காட்டுனா ஸ்பிரிங் செத்துப்பூடும் சார். புத்தூர் தாண்டுறதுக்குள்ள நீங்க ரோட்டு மேல ஒக்காந்துக்கினு இருப்பீங்க.

ஜீவரத்தினம்: நான் புத்தூர் பக்கம் போவேன்னு சொல்லலையே.

அசரியா: ...எல்லாரும் போற ரோடுதானே. சரி, எதுக்கு எறக்கறீங்க? அதைச் சொன்னாத்தான் எது பண்றதுன்னு எனக்கு யோசனை வரும்.

ஜீவரத்தினம்: வேகத்துக்கு. மலைப்பாதை வளைவுல திரும்பறப்போ ரோட்டை ஒட்டிக்கினு போகணும்.

அசரியா: அதுக்கு நாலு பக்கமும் எறக்கணும் சார். பின்னாடி மட்டும் எறக்குனா மூக்கைத் தூக்கிக்கினு நிக்கும். வளைவுல ஒட்டாது, கழண்டுக்கும்.

ஜீவரத்தினம்: பரவாயில்ல. பின்னாடி மட்டும் போதும்.

கங்கையா: பரவாயில்லையாம்! கணக்கு வாத்தியாருக்குக் கணக்கே வரல.

அசரியா: இருடா. சார், ஒரு விஷயம் சொல்றேன், கோச்சுக்காதீங்க. பின்னாடி எறங்குன வண்டியைப் பாத்தா இந்தப் பக்கத்துல யாருக்கும் ஒரே ஒரு நெனப்புத்தான் வரும். டிக்கியில அரிசி மூட்டை, தமிழ்நாட்டுக்குக் கடத்தறான்னு.

கங்கையா: அதே கதா, அதேதான்! அரிசிக்காரனுங்க எதுக்கு இங்க வரானுங்க? மூட்டை ஏத்துனா பின்னாடி குந்திக்குது, செக்போஸ்ட்ல கண்டுபுடிச்சுடறான். அதுக்குத்தான் கூட ரெண்டு இலை போட்டு ஏத்திக் குடுன்னு...

அசரியா: கல்யாணத்துக்குப் போறோம்னுதான் எங்கிட்ட சொல்லுவானுங்க. நான் வேற எதுவும் கேக்கறதில்ல.

கங்கையா: ஆமா, வாராவாரம் அவனுக்கே கல்யாணம்!

அசரியா: நீங்க தலைகீழா பண்றீங்க சார். இதை எறக்குனா காலி வண்டியே மூட்டை ஏத்துன மாதிரி தெரியும். நாகலாபுரம் தாண்டுனதும் செக்போஸ்ட்ல நிறுத்திப்புடுவாங்க.

ஜீவரத்தினம்: நிறுத்தட்டும்.

அசரியா: இன்னாது?

ஜீவரத்தினம்: நிறுத்தட்டும்னேன்.

கங்கையா: பாபூ... வெயில்ல கூரை இல்லாம வந்தியே, தலைக்கு ஏதாச்சும்...

ஜீவரத்தினம்: நல்லாத்தான் இருக்கேன். நிறுத்தணும் மேஸ்திரி. சனிக்கிழமை சனிக்கிழமை நிறுத்தணும். அதுக்குத்தான் வந்தேன்.

அசரியா: சனிக்கிழமையானா அந்தப் பக்கம் இன்னா வேலை?

ஜீவரத்தினம்: ஊத்துக்கோட்டையில அத்தை.

அசரியா: அத்தைக்கு ஒடம்பு முடியலையா?

ஜீவரத்தினம்: கர்த்தருக்குள்ள நித்திரை அடைஞ்சுட்டாங்க.

அசரியா: அடப்பாவமே. எப்போ?

ஜீவரத்தினம்: போன வருஷம்.

கங்கையா: அப்போ வாராவாரம் யாரைப் பாக்கப் போறே?

ஜீவரத்தினம்: ...கல்லறையை.

கங்கையா: அத்தை கல்லறைக்கு வாராவாரமா! எங்க அப்பன் செத்து நான் வருஷத்துக்கு ஒரு நாள் சோறு படைக்கறதே பெருசு.

அசரியா: தம்பி. இங்க வா, இந்த டயர் மேல குந்து. கங்கையா, சாருக்கு ஒரு டீ சொல்லு.

கங்கையா: நான் போனா கதை போயிடும். இங்கேருந்தே சொல்றேன்... ஓய்! மூணு டீ!

அசரியா: இப்போ மொதல்லேருந்து சொல்லு. எதுக்கு நிறுத்தணும்?

ஜீவரத்தினம்: அத்தை இருந்தப்போ ஒரு அம்மிக்கல்லு கேட்டாங்க. எங்க அம்மா குடுத்தனுப்புனாங்க.

கங்கையா: இந்த வண்டியிலயா?

ஜீவரத்தினம்: எங்ககிட்ட வேற வண்டி ஏது? டிக்கியில வெச்சேன். பின்னாடி குந்திக்கிச்சு. செக்போஸ்ட்ல கம்பத்தை எறக்கி நிறுத்திட்டாங்க. ஆபீஸர் டிக்கியைத் தொறந்து பாத்தாரு, அம்மி. ரெண்டு பேரை விட்டுத் தூக்கச் சொல்லி அடியில பாத்தாரு, ஒண்ணும் இல்ல. அப்பவும் நம்பல. கல்லுக்குள்ள அரிசி இருக்குமோன்னு தட்டிப் பாத்தாரு.

கங்கையா: சத்தம் எப்பிடி இருந்துச்சாம்?

ஜீவரத்தினம்: அம்மி மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் மேஜைக்குப் போய் எழுதிட்டுப் போன்னாரு. அங்க... ஒருத்தங்க எழுதறாங்க.

கங்கையா: ஒருத்தங்கன்னா? ஆம்பளையா, பொம்பள...

அசரியா: கங்கையா, பேசாம கேளு.

ஜீவரத்தினம்: பேரு கேட்டாங்க, சொன்னேன். நைனா பேரு, சொன்னேன். "இன்னா சரக்கு?" "அம்மிங்க." "கொழவி?"ன்னாங்க. அப்பத்தான் பாத்தா... கொழவியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்.

கங்கையா: அய்யோ!

ஜீவரத்தினம்: அவங்க சிரிச்சாங்க மேஸ்திரி. வாய்விட்டுச் சிரிச்சாங்க.

அசரியா: வாய்விட்டா? அது அப்பிடிச் சிரிக்காதே...

ஜீவரத்தினம்: எது?

அசரியா: செக்போஸ்ட். செக்போஸ்ட்ல யாரும் சிரிக்க மாட்டாங்களேன்னேன். மேல சொல்லு.

ஜீவரத்தினம்: அடுத்த சனிக்கிழமை கொழவியை எடுத்துக்கினு போனேன். கொழவிக்கு வண்டி எறங்கல. கம்பத்தைத் தூக்கி விட்டுட்டாங்க. எனக்குச் சோறே எறங்கல. அப்புறம் அத்தைகிட்ட ஏதோ சொல்லி அம்மியைத் திரும்ப எடுத்துக்கினு வந்தேன். மறுவாரம் மறுபடி எடுத்துக்கினு போனேன்.

கங்கையா: அம்மியை!

ஜீவரத்தினம்: நிறுத்துனாங்க. பேரு கேட்டாங்க. "கொழவி?"ன்னாங்க. "இருக்குதுங்க"ன்னு காட்டுனேன். அதுக்கும் சிரிச்சாங்க.

அசரியா: அத்தை ஒண்ணும் சொல்லலையா?

ஜீவரத்தினம்: அத்தை பாவம், அந்த அம்மியில ஒரே ஒரு தபா தொவையல் அரைச்சு துன்னாங்க. மத்த நாளெல்லாம் அது ரோட்டு மேலதான் இருந்துச்சு.

கங்கையா: சொர்க்கத்துல போய்ச் சொல்லியிருப்பா, மருமவன் அம்மியைத் திருடிட்டான்னு.

ஜீவரத்தினம்: ஆனா ஆபீஸருக்கு அலுத்துப் போச்சுங்க. எனக்கு அம்மிக்கல் வாத்தியார்னே பேரு வெச்சுட்டாரு. இப்போ தூரத்துல என் வண்டி செவப்பா தெரிஞ்சாலே கம்பம் மேல போயிடுது. சல்யூட் வேற அடிக்கறாங்க. மெதுவா போலாம்னா பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான். அவங்க நிமிந்து பாக்கறதுக்குள்ள நான் தமிழ்நாட்டுக்குள்ள போயிடறேன்.

அசரியா: எறங்கி நடந்து போய்ப் பேசறதுதானே?

ஜீவரத்தினம்: என்னன்னு பேசறது? அங்க எல்லாரும் துப்பாக்கி வெச்சுக்கினு நிக்கறாங்க. நிறுத்துனாத்தான் நான் மேஜைக்குப் போக முடியும். அம்மி இல்லாம, மூட்டை இல்லாம, வண்டி மட்டும் எறங்கி இருந்துச்சுன்னா... எந்த ஆபீஸரா இருந்தாலும் தாங்க மாட்டாரு. நிறுத்தியே தீரணும். என்னதான் தேடுனாலும் ஒண்ணும் கெடைக்காது. அதனால ரொம்ப நேரம் தேடுவாங்க.

கங்கையா: அசரியா... இவன் பைத்தியம் இல்லடா. பெரிய மூளைடா.

அசரியா: பொண்ணு பேரு இன்னா?

ஜீவரத்தினம்: தெரியாதுங்க. பேரு கேக்கற வேலை அவங்களுது. நாம கேக்கறதுக்கு ரூலு இல்ல.

கங்கையா: பேரே தெரியாதாம்! ஏ அசரியா, இவனுக்குப் பேரு...

அசரியா: கங்கையா! டீ வந்துச்சான்னு போய்ப் பாரு.

கங்கையா: வேணாம், நான் போமாட்டேன். வாயை மூடிக்கறேன், போதுமா?

ஜீவரத்தினம்: மேஸ்திரி, எனக்கு நாளைக்குச் சனிக்கிழமையை விட்டா வேற நாளு இல்ல. வர்ற புதன்கிழமை எங்க அம்மா வேலூர்ல ஒரு பொண்ணுக்கு நிச்சயம் பண்ணப் போறாங்க. மேஜையில எழுதறவங்க மனசுல என்ன இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கினா, அம்மாகிட்ட நான் வாயைத் தொறப்பேன். ஒண்ணும் இல்லேன்னு சொன்னாங்கன்னா... சரி, அதையும் கேட்டுக்கறேன். கேக்காம வேலூருக்கு எப்பிடிங்க போறது? அங்க ஒரு பொண்ணு இருக்குது. அதுக்கும் பாவம் இல்லையா?

அசரியா: ம்.

ஜீவரத்தினம்: சிரிக்காதீங்க.

அசரியா: சிரிக்கல. சரி, கேளு. இலையை உருவுனா நாளைக்கே திரும்பப் போட்டுக்கலாம். மனசு மாறுனா வண்டி பழையபடி ஆயிடும். சுருளை அறுத்தா அறுத்ததுதான், ஒட்ட முடியாது. ஒனக்கு எது?

ஜீவரத்தினம்: பின்னாடிதான் சுருளே இல்லையே?

அசரியா: இருக்குதுன்னு வெச்சுக்கோயேன்.

ஜீவரத்தினம்: அப்போ அறுத்துடுங்க.

அசரியா: அவளை நாளைக்கு வேற செக்போஸ்ட்டுக்கு மாத்திட்டா?

ஜீவரத்தினம்: அங்க போவேன். எறங்குன வண்டியை எந்தச் செக்போஸ்ட்லயும் நிறுத்துவாங்க இல்ல?

கங்கையா: அவ அப்பன் ஒத்துக்கலேன்னா?

ஜீவரத்தினம்: போய் எதிர்ல நிப்பேன்.

கங்கையா: பொல்லாத ஆளா இருந்தா? கையில ஸ்பேனர் கீனர் வெச்சுக்கினு...

ஜீவரத்தினம்: ஸ்பேனர் எதுக்கு வெச்சுக்கினு இருக்கப் போறாரு?

அசரியா: கங்கையா, டீ வந்து எவ்ளோ நேரம் ஆச்சு, நீ குடி. தம்பி, நீ குடிப்பியா?

ஜீவரத்தினம்: குடிக்கறேனே, ஆறிடுச்சு.

அசரியா: டீயைக் கேக்கல.

ஜீவரத்தினம்: அதெல்லாம் இல்லீங்க. ஞாயித்துக்கிழமை கோயில்ல ஹார்மோனியம் வாசிக்கறேன்.

கங்கையா: நல்லா வாசிப்பியா?

ஜீவரத்தினம்: ...வாசிப்பேன்.

அசரியா: பொய் சொல்லத் தெரியல. நல்லது. வண்டியை எடுத்துக்கினு கெளம்பு.

ஜீவரத்தினம்: கெளம்பறதா? எறக்கவே இல்லையே!

அசரியா: எறக்க மாட்டேன். தொர வெச்சிருந்த ஸ்பிரிங், இன்னும் இரும்பு மாதிரி கீது. நல்ல சாமானை நான் கெடுக்க மாட்டேன்.

ஜீவரத்தினம்: மேஸ்திரி, இவ்ளோ கேட்டுட்டு இப்பிடிச் சொன்னா எப்பிடி? கையைக் காலைப் புடிச்சுக் கேக்கறேன். நாளைக்கு மட்டும் நிறுத்துனா போதும். அப்புறம் நீங்க எவ்ளோ வேணா ஏத்திக்கங்க!

அசரியா: நிறுத்துவாங்க, போ.

ஜீவரத்தினம்: எப்பிடி நிறுத்துவாங்க? அம்மி இல்ல, எறக்கம் இல்ல...

அசரியா: நிறுத்துவாங்க. சீட்டைக் கழட்டுவாங்க. டயர்ல காத்தை எறக்கிப் பாப்பாங்க. பொழுதுக்கும் மேஜை முன்னாடி குந்த வெச்சுக் கேள்வி கேப்பாங்க. கோவப்படக் கூடாது. துன்றதுக்கு ஏதாச்சும் கட்டிக்கினு போ.

ஜீவரத்தினம்: அய்யோ, நான் என்னங்க தப்பு பண்ணேன்?

அசரியா: நீ ஒண்ணும் பண்ணல. செவப்பு வண்டியில வாத்தியாரு அரிசி கடத்தறாரு, வுடாதீங்கன்னு ஆபீஸர்கிட்ட நேத்தே கோள் மூட்டி வெச்சுட்டா, அந்த மேஜையில எழுதறவ, என் பொண்ணு.