பெனடிக்ற் ரெயிலர்ஸ், மெயின் ஸ்ட்ரீட்

– பிடிவாதம் பிடியாதேங்கோ, றோஸ்மலர் அக்கா. இந்தச் சீலைக்கடையை வித்துப்போட்டு என்னோடை ஒஹையோவுக்கு வாங்கோ.

– லண்டனிலை நேற்று இரவுதான் வந்து இறங்கினனி, பெனடிக்ற். அதுக்குள்ளை என்ரை கடைக்குச் செத்தவீடு செய்யிறாய். அந்தக் காஞ்சிபுரத்தை மடிச்சுத் தா.

– பகிடி விடாதேங்கோ. மெயின் ஸ்ட்ரீட் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும். அமெரிக்காவிலை ஒரு ஊருக்கு முகமே அதுதான், விளங்குதே? பாங்க், பாபர் சலூன், தியேட்டர் எல்லாம் அந்த ஒரு தெருவிலை. ஒருத்தன் உருப்பட்டிட்டான் எண்டால் அங்கை ஒரு கடை போடுவான். எலெக்சனுக்கு நிக்கிறவனும் அங்கை வந்துதான் கை குலுக்குவான். ஜூலை நாலாம் திகதி சுதந்திரதின ஊர்வலத்திலை பாண்ட் அடிக்கிற பிள்ளையள் போட்ட கோட்டு முழுக்க நான் தைச்சது!

– பிறகு?

– ஹைவேயடியிலை பெரிய ஷொப்பிங் மோல் ஒண்டு வந்துது. தெருவிலை கடை கடையாப் பூட்டுப்பட்டுது. போன வருசம், தொண்ணூற்றிரண்டிலை, ஊர்வலமே மோலின்ரை கார் பார்க்கிலைதான் நடந்தது. இந்த ஈஸ்ட் ஹாமுக்கும் ஒருநாள் அது வரும், அக்கா.

– றோஸ்மலர் அக்கா! பிளவுஸ் தைக்க ஆள் வந்தாச்சு போலிருக்கே? பொண்ணு கல்யாணத்துக்கு எங்கெல்லாமோ அலைஞ்சுட்டேன்.

– ஓம், வேதவல்லி. பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அளவெடுக்கலாம்.

– அப்பாடா! பஸ் ஸ்டாப்புல நிக்கிற எல்லார்ட்டயும் சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வர்றேன் அக்கா.

– கேட்டியே, தம்பி? உன்ரை மோலிலை ஆர் இப்பிடிப் பேர் சொல்லிக் கூப்பிடுவினம்?

– சரி, சரி. ஆர் அந்தத் தையல்காரன்?

– காலமை நீ மேல்வீட்டிலை நித்திரை. சொக்லெற் தேடி உன்ரை சூட்கேசைத் திறந்தன்.

– அக்கா!

– வெளிநாட்டாலை வந்தவன்ரை பெட்டியைத் திறவாத தமிழ்ச்சி ஆர்? சொக்லெற் ஒரு துண்டும் இல்லை. கத்தரிக்கோல், அளவுநாடா, அடியிலை உன்ரை கடைப் போர்ட். லீவிலை வாறவன் போர்டைக் கழட்டிக்கொண்டு வருவானே, விசரா?

– பூட்டிப்போட்டன், அக்கா. அந்தத் தெருவிலை கடைசியாப் பூட்டினது என்ரை கடை. தனிய இருக்க ஏலாமல் இருக்கு. அதுதான் உங்களை வரச்சொல்லிக் கேட்டன்.

– செத்த தெருவுக்கு என்னைக் கூப்பிடாமல், உசிரோடை இருக்கிற தெருவிலை நீ இரு. முந்தி இஞ்சை இருக்கேக்கை எடுத்த இந்த நாட்டுப் பாஸ்போட் உன்னட்டை இன்னும் இருக்குத்தானே?

– இருக்கு.

– பின்னை என்ன? அழாதை. சீலை நனையப்போகுது.

– போர்டைத் திருப்பிப் பெட்டிக்குள்ளை வைச்சனீங்களே?

– வாசலிலை ஏத்தியாச்சு. நீ உள்படியாலை இறங்கினபடியால் காணேல்லை. வேதவல்லி அதைப் பாத்துத்தான் உள்ளை வந்தவள்.

– ஐயோ, அதிலை 'மெயின் ஸ்ட்ரீட்' எண்டெல்லோ எழுதியிருக்கு!

– இருக்கட்டும். இது பின்னை என்ன தெரு? கோட்டைக் கழட்டு, கலியாணப் பொம்பிளை வரப்போறாள்.